ஆறடி இறங்கும் தண்ணீர்

எங்கள் தோட்டத்திலிருந்து கூப்பிடு தூரத்தில் ஒரு டிராப் இருக்கிறது. கீழ்பவானி வாய்க்காலில் இருந்து பிரிந்து வரும் பகிர்மான வாய்க்கால் அந்த இடத்தில் ஒரு சுவரைத் தாண்டி ஆறடி கீழே விழும். விழுந்த இடத்தில் நுரைத்துக் கொந்தளித்து, முப்பதடி போவதற்குள் சாதுவாகி ஊருக்குள் நுழையும். பவானிசாகர் அணையில் தண்ணீர் திறந்து எங்களுக்கு வந்து சேர இரண்டு மூன்று நாளாகும். அது வருவதைக் கண்ணால் பார்ப்பதற்கு முன்னால் காதால் கேட்போம். ராத்திரி திண்ணையில் படுத்திருக்கும் அப்பாரு, அதாவது என் தாத்தா, சட்டென்று எழுந்து உட்கார்ந்து, "வாய்க்கா வந்திருச்சு" என்பார். எங்களுக்கு அதற்கு அப்புறம்தான் கேட்கும்.

பிள்ளைகள் எல்லோரும் நீச்சல் பழகியது அந்த டிராப்புக்குக் கீழேதான். வாய்க்காலைப் பார்த்துக்கொள்ளும் லஸ்கர் சைக்கிளில் வந்து திட்டும்வரை ஏற மாட்டோம். தண்ணீர் விழும் இடத்தில் தரையில் பல் பல்லாகக் கல் நட்டிருப்பார்கள். அதில் இடித்துக் கால் நகம் பெயராத பிள்ளை எங்கள் ஊரில் கிடையாது. அந்தக் கல்லை எதற்கு நட்டார்கள் என்று அப்போது யோசித்ததில்லை. கோயம்புத்தூரில் இன்ஜினியரிங் இரண்டாம் வருடம் படிக்கும்போது ஒரு வகுப்பில் அதே படம் கரும்பலகையில் வந்தது. மேலே சுவர், கீழே பள்ளம், பள்ளத்தில் பல் வரிசை. விழுகிற தண்ணீரின் வேகத்தை அடித்து நொறுக்குவதற்காகவே அந்தக் கற்கள். அப்படிச் செய்யாவிட்டால் தண்ணீர் வாய்க்காலின் தரையைப் பறித்து, கரையைத் தின்றுவிடும்.

அன்றைக்கு விடுதிக்கு நடந்து போகும்போது மனதில் ஒன்றே ஒன்றுதான் ஓடியது. ஒரு சக்தி வருகிறது. அதை ஒழிப்பதற்குக் காசு போட்டுச் சிமென்டும் கல்லும் வைத்துக் கட்டியிருக்கிறோம். எங்கள் கிணற்று மோட்டாருக்குக் கரண்ட் வராமல் அப்பா விடிய விடியக் காத்திருந்த காலம் அது. என் படிப்பும் வேலையும் அந்த ஒரு எண்ணத்தைப் பிடித்துக்கொண்டுதான் நகர்ந்தன.

இந்த ஆகஸ்டில் ஊருக்குப் போனபோது முதல் வேலையாக அந்த டிராப்பை அளந்தேன். இத்தனை வருடம் மற்றவர்கள் வாய்க்காலை அளந்திருக்கிறேன், சொந்த ஊர் வாய்க்காலை அளந்ததில்லை. பெரிய கருவி எதுவும் வேண்டாம். ஒரு டேப், ஒரு மூங்கில் குச்சி, உரிக்காத தேங்காய் ஒன்று, கைபேசியில் ஸ்டாப்வாட்ச். டிராப்புக்கு மேலே கரை நேராக இருக்கும் இடமாகப் பார்த்து 10 மீட்டருக்குக் கோடு போட்டுக்கொண்டேன். வாய்க்கால் அகலம் 2 மீட்டர், ஆழம் 60 சென்டிமீட்டர். தேங்காயை மேல் கோட்டுக்கு முன்னாலேயே போட்டுவிட வேண்டும், வேகம் பிடித்த பிறகு கோட்டைத் தாண்டட்டும் என்று. ஐந்து தடவை விட்டேன். இரண்டு தடவை கரைப்புல்லில் சிக்கிக்கொண்டது. மற்ற மூன்றுக்கும் சராசரி 12 விநாடி. மேல்தண்ணீர் அடித்தண்ணீரைவிட வேகமாக ஓடும் என்பதால் கொஞ்சம் கழித்தால், விநாடிக்கு 0.7 மீட்டர். ஆக விநாடிக்கு 850 லிட்டர், நம் கணக்கில் 30 கன அடி. வீழ்ச்சி 1.8 மீட்டர்.

தண்ணீரின் அளவை வீழ்ச்சியால் பெருக்கி, அதை 9.81-ஆல் பெருக்கினால் கிலோவாட் வந்துவிடும். 15 கிலோவாட். சிறிய இயந்திரத்தில் மூன்றில் ஒரு பங்கு வீணாகப் போகும் என்று வைத்துக்கொண்டால் கையில் நிற்பது 10. இரண்டு 5 ஹெச்.பி. மோட்டாரை ராத்திரி பகல் என்று பார்க்காமல் ஓட்டலாம். என் சின்ன வயதில் எங்கள் தோட்டத்தில் ஒரு மோட்டார், பக்கத்துத் தோட்டத்தில் ஒரு மோட்டார். இரண்டுமே 5 ஹெச்.பி.

நான் மேல்படிப்புக்குப் போன புதிதில் அப்பாரு ஒரு கேள்வி கேட்டார். "ஏங்கண்ணு, தண்ணியில இருந்து கரண்ட எடுத்துட்டா அப்புறம் அந்தத் தண்ணியில சத்து இருக்குமா?" அவர் மட்டும் கேட்ட கேள்வி இல்லை இது. வேலைக்குப் போன ஊர்களிலெல்லாம் யாராவது ஒருவர் கேட்டிருக்கிறார். நான் இதை அறியாமை என்று நினைப்பதே இல்லை. தண்ணீரிலிருந்து ஏதோ ஒன்று எடுக்கப்படுகிறது என்பதை அவர் சரியாகவே புரிந்துகொண்டார். எது எடுக்கப்படுகிறது என்பதில்தான் சந்தேகம்.

எடுப்பது அந்த விழுகிற வேகத்தை மட்டும்தான். எடுக்காவிட்டாலும் அது வயலுக்குப் போய்ச் சேராது. பல் வரிசையில் மோதி, சத்தமாகவும் சூடாகவும் மாறி முடிந்துவிடும். ஆறடி விழுந்த தண்ணீர் எவ்வளவு சூடேறும் என்று கணக்குப் போட்டால், ஒரு டிகிரியில் இருநூறில் ஒரு பங்குகூட வராது. அப்பாருக்கு இந்தக் கணக்கைச் சொல்லவில்லை. தண்ணீர் வந்த வழியைச் சொன்னேன். நீலகிரியில் பைக்காரா பவர்ஹவுஸ் 1932-லேயே ஓட ஆரம்பித்துவிட்டது. மூவாயிரம் அடிக்கு மேல் இரும்புக் குழாய்க்குள் இறங்கி வருகிற தண்ணீர் அங்கே டர்பைன் என்கிற சக்கரத்தைச் சுழற்றும். அங்கிருந்து மசினகுடிப் பக்கம் மரவகண்டிக்கு வந்து, மறுபடி இறங்கி மாயாறு பவர்ஹவுஸை ஓட்டும். அது 1952-ல் வந்தது. அப்புறம் மாயாற்றோடு காட்டுக்குள் ஓடி பவானிசாகருக்கு வரும். இந்தப் பக்கம் குந்தாவில் அடுத்தடுத்து இருக்கும் பவர்ஹவுஸ்களைத் தாண்டி, பில்லூர் வழியாகப் பவானி ஆறு வரும். கடைசியாக அணையடியில் வாய்க்காலுக்குத் திறக்கிற தண்ணீரிலும் 8 மெகாவாட் எடுக்கிறார்கள், ஆற்றுக்கு விடுகிற தண்ணீரிலும் 8 மெகாவாட் எடுக்கிறார்கள்.

"அப்ப நம்ம வாய்க்காத் தண்ணி நாலஞ்சு பக்கம் கரண்ட் எடுத்த தண்ணியா?"

"ஆமாங்க அப்பாரு."

கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார். "நெல்லு நல்லாத்தான வெளையுது" என்று சொல்லிவிட்டு எழுந்து போனார்.

கீழ்பவானியைப் பற்றித் தெரியாதவர்களுக்காக ஒரு பத்தி. 1948-ல் தொடங்கி 1955-ல் முடிந்த திட்டம். பிரதான வாய்க்கால் 200 கிலோமீட்டர் நீளம், தொடங்கும் இடத்தில் விநாடிக்கு 2,300 கன அடி தண்ணீர் போகும். ஈரோடு, திருப்பூர், கரூர் மாவட்டங்களில் 2 லட்சத்து 7 ஆயிரம் ஏக்கர் பாசனம். அதை இரண்டாகப் பிரித்து, ஒரு பாதிக்கு ஆகஸ்டில் நெல்லுக்குத் தண்ணீர், மறுபாதிக்குப் பொங்கலை ஒட்டிப் புஞ்சைக்குத் தண்ணீர். அடுத்த வருடம் மாற்றி விடுவார்கள். ஒற்றைப்படை மதகு, இரட்டைப்படை மதகு என்று எங்கள் பக்கம் சம்பந்தம் பேசும்போதுகூட விசாரிப்பார்கள்.

பிரதான வாய்க்காலில் 2,300 கன அடி ஓடும்போது ஒரே ஒரு மீட்டர் வீழ்ச்சி கிடைத்தாலே 500 கிலோவாட் எடுக்கலாம். ஆனால் அந்த வாய்க்கால் மேட்டைப் பிடித்துக்கொண்டே, குன்றுகளை ஒட்டி வளைந்து வளைந்து போகிற வாய்க்கால். உயரத்தை விட்டுக்கொடுக்காமல் கொண்டுபோனால்தான் கடைசி மதகு வரை வயல்களுக்குப் பாய முடியும். அங்கே உயரம் என்பது பாசனத்தின் சொத்து, தொடக் கூடாது. உயரத்தைத் தாராளமாக இழப்பது, பிரதான வாய்க்காலை விட்டுப் பள்ளத்தை நோக்கி இறங்கும் பகிர்மான வாய்க்கால்கள்தான். அங்கே வீழ்ச்சி உண்டு, ஆனால் தண்ணீர் சிறிது. இந்த முரண்பாட்டைத்தான் எங்கள் ஊர்க் கரையில் உட்கார்ந்து பல நாள் யோசித்திருக்கிறேன்.

இரண்டும் சேர்ந்து கிடைக்கிற இடம் கங்கைக் கால்வாய். சிறு நீர்மின்சாரத்துக்கென்றே ஒரு துறை இருப்பதால் எம்.டெக். படிக்க, அந்தக் கால்வாய்க் கரையில் ஹரித்வாருக்குப் பக்கத்தில் இருக்கும் ரூர்க்கி ஐ.ஐ.டி.க்குப் போனேன். அந்தக் கல்லூரி 1847-ல் தொடங்கியதே இந்தக் கால்வாய் வெட்ட ஆள் தேவைப்பட்டதால்தான். கால்வாய் ஊரை இரண்டாகப் பிளந்துகொண்டு ஓடுகிறது. புரோபி காட்லி என்ற பொறியாளர் வெட்டிய அந்தக் கால்வாயில் 1854-ல் தண்ணீர் விட்டார்கள். இன்று அது தொடங்கும் இடத்தில் விநாடிக்கு சுமார் 10,500 கன அடி போகும். முதல் தடவை கரையில் நின்றபோது, பவானி ஆறே இவ்வளவு தண்ணீரோடு போய்ப் பார்த்ததில்லையே என்று தோன்றியது.

ஹரித்வாருக்குக் கீழே நிலம் சரசரவென்று சரிகிறது. அந்தச் சரிவிலேயே கால்வாயை விட்டால் தண்ணீர் தரையைத் தோண்டிவிடும். அதனால் கால்வாயை மெல்லிய சரிவில் கொண்டுபோய், அங்கங்கே டிராப் வைத்து இறக்கினார்கள். அங்கே இதை 'ஜால்' என்கிறார்கள். அந்த ஜால்களின் ஓரத்தில் மாவரைக்கும் தண்ணீர் எந்திரங்களை வைத்தார்கள். ரூர்க்கி பக்கத்தில் அசஃப்நகர் ஜாலில் மாவு வாங்கிவர நண்பர்களோடு போயிருக்கிறேன். அரைத்த மாவு கையில் சூடே இல்லாமல் இருக்கும், கல் மெதுவாகச் சுற்றுவதால்.

மின்சாரம் அதற்குப் பிறகு வந்தது. வில்லியம் ஸ்டாம்ப் என்ற பாசனப் பொறியாளர் 1920-களிலும் 30-களிலும் அந்த ஜால்களில் அடுத்தடுத்துச் சிறு மின்நிலையங்களைக் கட்டி, ஒன்றோடொன்று கம்பி இழுத்து இணைத்தார். அந்த மின்சாரத்தில் எனக்கு மிகவும் பிடித்த விஷயம், அது போன இடம். கால்வாய்த் தண்ணீர் ஏற முடியாத நிலங்களில் அரசு நூற்றுக்கணக்கில் ஆழ்துளைக் கிணறு போட்டது. அந்தக் கிணறுகளை ஓட்டியது இந்த மின்சாரம். பள்ளத்து வயலுக்குப் பாயப் போகிற தண்ணீர், போகிற வழியில் மேட்டு வயலுக்கும் தண்ணீர் தூக்கிக் கொடுத்துவிட்டுப் போனது. பாசனக் கால்வாயில் மின்சாரம் எடுப்பதற்கு இதைவிட நல்ல காரணம் எனக்குத் தெரியவில்லை.

1950-களில் முகமதுபூர், பத்ரி என்று இரண்டு பெரிய நிலையங்கள் வந்தன. முகமதுபூர் 9.3 மெகாவாட், பத்ரி 20.4 மெகாவாட். இவற்றில் ஒரு அழகான வேலை செய்திருக்கிறார்கள். அடுத்தடுத்து இருக்கும் சிறு வீழ்ச்சிகளைத் தனித்தனியே பிடிக்காமல், பக்கத்தில் இன்னொரு வாய்க்கால் வெட்டி, உயரத்தை விடாமல் கொண்டுவந்து ஒரே இடத்தில் மொத்தமாக இறக்குகிறார்கள். மூன்று படியை ஒரே படியாக்கினால் ஒரு கட்டடம், ஒரு இயந்திர அறை போதும். வருடத்துக்கு ஒரு தடவை, தசரா தீபாவளி சமயத்தில், தூர்வார கால்வாயை அடைப்பார்கள். அப்போது வற்றிக் கிடக்கும் தரையில் இறங்கி, டர்பைன் இலைகளைத் தொட்டுப் பார்க்க விட்டார்கள். ஆளுயர கப்லான் சக்கரம், கப்பல் விசிறி மாதிரி. மண் கலந்த தண்ணீர் வருடக்கணக்கில் தேய்த்து, இலையின் ஓரம் பழைய அரிவாள் மாதிரி மெலிந்திருந்தது.

படிப்பு முடிந்து முதல் வேலை கர்நாடகத்தில், கரும்பும் நெல்லும் விளைகிற பூமியில் ஒரு பாசனக் கால்வாய்மேல் இருந்த தனியார் நிலையம். 4 மீட்டர் வீழ்ச்சி, விநாடிக்கு 30 கன மீட்டர் தண்ணீர், இரண்டு இயந்திரம், மொத்தம் ஒரு மெகாவாட். பெயர் வேண்டாம், சொல்லப் போவது அப்படி.

கால்வாய் மின்நிலையத்தில் தினசரி வேலை என்ன என்று கேட்டால், நான் குப்பை என்றுதான் சொல்வேன். டர்பைனுக்குள் எதுவும் போகாமல் இருக்க வாயிலில் இரும்புக் கம்பிச் சல்லடை நிற்கும். விரல்கடை விரல்கடையாகக் கம்பிகள். கரும்பு வெட்டும் காலத்தில் சோகை, அதாவது காய்ந்த கரும்பு இலை வரும். ஈரமான சோகை கம்பிமேல் பாய் முடைந்ததுபோல ஒட்டிக்கொள்ளும், கையால் பிரித்தால் அறுக்கும். தென்னை மட்டை, வாழைத்தண்டு, ஆகாயத்தாமரை. விநாயகர் சதுர்த்தி முடிந்த வாரம், களிமண் கரைந்துபோன பிள்ளையாரின் வைக்கோல் கட்டு மட்டும் கயிறோடு வரும். கூடவே மாலை, குடை, மூங்கில் சட்டம். எங்கள் ஆட்களில் பெரியவர் ஒருவர் அந்த வைக்கோலை மட்டும் மற்ற குப்பையோடு சேர்க்காமல் தனியே எடுத்து வேப்பமரத்தடியில் வைப்பார்.

பதினைந்தடிக் கைப்பிடி போட்ட வாரியால், மேடையில் நின்று, இரண்டு மணி நேரத்துக்கு ஒரு தடவை வாரி இழுக்க வேண்டும். விட்டால் சல்லடைக்கு முன்னால் தண்ணீர் ஏறும், பின்னால் இறங்கும். அந்த வித்தியாசம் 20 சென்டிமீட்டர் ஆனால் 4 மீட்டரில் அது இருபதில் ஒரு பங்கு. ஒரு மெகாவாட்டில் 50 கிலோவாட், ஒரு நாளைக்கு 1,200 யூனிட். அந்தப் பெரியவர் இரண்டு பேர் செய்கிற வேலையை ஒருவராகச் செய்து அந்த 1,200 யூனிட்டை ஒவ்வொரு நாளும் மீட்டுக் கொடுத்தார். நிலையத்தின் ஏட்டில் அதற்கு ஒரு பத்தி கிடையாது.

சரி, அந்த ராத்திரி. அக்டோபர் மாதம், மழை விட்டு ஒரு மணி நேரம் ஆகியிருக்கும். இரண்டரை மணிக்கு மின்வாரியக் கம்பியில் கரண்ட் போனது. நாங்கள் மின்சாரம் கொடுக்கிற இடமே இல்லாமல் போனால் இயந்திரத்தின்மேல் சுமை போய்விடும். சுமை போன டர்பைன் கட்டவிழ்ந்த காளை மாதிரி வேகம் பிடிக்கும். அதனால் தண்ணீர் நுழையும் இதழ்கள் சில விநாடிகளில் தானாக மூடிக்கொள்ளும். மூடிக்கொண்டன. அதுவரை சரிதான்.

ஆனால் கால்வாய்க்கு இது தெரியாது. விநாடிக்கு 30 கன மீட்டர் வந்துகொண்டே இருக்கிறது. பக்கத்தில் பழைய டிராப்பில் வைத்திருக்கும் மாற்றுக் கதவு திறந்து அந்தத் தண்ணீரைக் கீழே விட வேண்டும். கதவுக்கு மோட்டார். மோட்டாருக்குக் கரண்ட் இல்லை. அதற்காக டீசல் ஜெனரேட்டர். பொத்தானை அழுத்தினேன், கிர் என்று ஒரு இழுவை, அவ்வளவுதான். பேட்டரி செத்திருந்தது. வாரம் ஒரு முறை ஜெனரேட்டரை ஓட்டிப் பார்க்க வேண்டும் என்று ஒரு பதிவேடு உண்டு. அந்த வாரம் ஓட்டிப் பார்க்காமலேயே கையெழுத்து விழுந்திருந்தது. கையெழுத்து என்னுடையது.

கரைக்கும் தண்ணீருக்கும் நடுவே மீதி இருந்தது இரண்டரை அடி. கால்வாய் 20 மீட்டர் அகலம். மேலே ஒரு கிலோமீட்டர் தூரத்துக்குத் தண்ணீர் தேங்கும் என்று வைத்தால் நிமிடத்துக்கு 9 சென்டிமீட்டர் ஏறும். எட்டு நிமிடம். கரைக்கு அந்தப் பக்கம் ஒரு பத்து வீடு.

நாலு பேர் சேர்ந்து கதவைக் கைப்பிடியால் சுற்றினோம். முழுச் சுற்று சுற்றினால் கதவு அரை சென்டிமீட்டர்கூட ஏறாது. டார்ச்சை வாயில் கவ்விக்கொண்டு ஒருவர் அளவுகோலைப் பார்த்துச் சொல்லிக்கொண்டே இருந்தார். கரைக்கு ஒரு சாண் இருக்கும்போது ஏறுவது நின்றது. அப்புறமும் கால் மணி நேரம் சுற்றினோம். மறுநாள் என் உள்ளங்கையில் தோல் இல்லை.

முடிந்தது என்று தரையில் உட்கார்ந்திருந்தபோது கீழ்ப்பக்கத்திலிருந்து ஒரு விவசாயி மொபெட்டில் வந்தார். நடவுக்கு ராத்திரித் தண்ணீர் அவருடைய முறை. முக்கால் மணி நேரமாக வாய்க்காலில் தண்ணீர் இறங்கிக்கொண்டே போகிறது என்று பார்க்க வந்திருக்கிறார். கன்னடத்தில் அவர் கேட்டதைத் தமிழில் சொன்னால் இவ்வளவுதான்: "எங்கள் தண்ணீரை வாங்கி வைத்துக்கொண்டு என்ன செய்தீர்கள்?" கோபமாகக்கூடக் கேட்கவில்லை. அவருடைய முறை விடியும்போது முடிந்துவிடும். போன முக்கால் மணி நேரத்தை யாராலும் திருப்பித் தர முடியாது.

என்னிடம் பதில் இல்லை. இன்றைக்கும் இல்லை. வேலையை விட்டுவிடலாமா என்று ஒரு வாரம் யோசித்தேன். அப்புறம் ஒரு நோட்டை எடுத்து, கரண்டே இல்லாமல், ஆளே இல்லாமல் தண்ணீர் தானாகக் கீழே போக என்ன வழி என்று எழுத ஆரம்பித்தேன். விடை நம் ஊர் ஏரிகளிலேயே இருந்தது. கலிங்கு. ஏரி நிரம்பினால் யாரையும் கேட்காமல் வழிந்து போகிற கற்சுவர். அதற்குப் பேட்டரி வேண்டாம், பதிவேடு வேண்டாம். நேர்ச்சுவராகக் கட்டினால் நீளம் போதாது. சுவரை மடித்து மடித்து, வாத்தின் அலகுபோலக் கட்டினால், அதே இடத்தில் 60 மீட்டர் நீளம் கிடைக்கும். மொத்தத் தண்ணீரும் ஒன்றரை அடி ஏறுவதற்குள் தானாக வழிந்துவிடும். அடுத்த தூர்வாரும் காலத்தில் அது கட்டப்பட்டது. நான் அங்கே இருந்த மற்ற மூன்று வருடத்தில் பலமுறை கரண்ட் போனது. கீழே இருந்த வயல்களுக்கு அது தெரியவே இல்லை.

அதனால் இப்போது யாராவது ஒரு கால்வாய் மின்நிலையத்துக்கு வரைபடம் காட்டினால், நான் டர்பைனைப் பார்ப்பதில்லை. கலிங்கு எங்கே என்று தேடுகிறேன். கால்வாய் வயலுக்காக வெட்டப்பட்டது. அதன் நேரம், அளவு, முறை எல்லாவற்றையும் வயல்தான் முடிவு செய்ய வேண்டும். மின்நிலையம் அதில் குடியிருக்கும் வாடகைக்காரர். வீட்டுக்காரரின் தண்ணீர்த் தொட்டியில் கைவைக்காதவரைதான் அங்கே இருக்கலாம்.

நாட்டில் சிறு நீர்மின்சாரத்துக்கு ஏற்ற இடங்கள் ஏழாயிரத்துக்கும் மேல், எல்லாம் சேர்த்தால் 21,000 மெகாவாட்டுக்கு மேல் கிடைக்கும் என்று ரூர்க்கியில் கணக்கெடுத்து வைத்திருக்கிறார்கள். இதுவரை கட்டியது அதில் கால் பங்குதான். பெரும்பகுதி மலை ஓடைகள். அங்கே ஆற்றை மறிக்க வேண்டும், மீன் போகும் வழி, காடு என்று நியாயமான தடைகள் உண்டு. கால்வாய் டிராப்பில் அந்தத் தடைகள் கிடையாது. ஏற்கெனவே வெட்டியாகிவிட்டது, ஏற்கெனவே விழுந்துகொண்டிருக்கிறது. பஞ்சாபில் நங்கல் கால்வாய்மேல் கங்குவால், கோட்லா நிலையங்கள், நாகார்ஜுனசாகரில் வலது கால்வாயில் 90 மெகாவாட், இடது கால்வாயில் 60 மெகாவாட் என்று பெரிய கால்வாய்களை எப்போதோ பிடித்துவிட்டோம். சிறியவைதான் அப்படியே விழுந்துகொண்டிருக்கின்றன.

எங்கள் ஊர் டிராப்பும் அப்படி ஒன்று. ஆசைக்காக அல்லாமல் நேர்மையாகக் கணக்குப் போட்டேன். 10 கிலோவாட், நாளைக்கு 240 யூனிட். நெல்லுக்குத் தண்ணீர் வருகிற வருடம் 120 நாள் என்றால் 28,800 யூனிட். யூனிட்டுக்கு 4 ரூபாய் என்று வைத்தால் ஒரு லட்சத்துப் பதினைந்தாயிரம். அடுத்த வருடம் புஞ்சை முறை, விட்டு விட்டு வரும், பாதி கிடைத்தால் பெரிது. இயந்திரம், கட்டுமானம், கம்பி எல்லாம் சேர்த்து என் அனுபவத்தில் 15 லட்சத்துக்குக் குறையாது. சல்லடைக் குப்பையை வார ஒரு ஆள். அவருக்குக் கூலி கொடுத்தாலே வருமானம் போய்விடும்.

ஆனாலும் மூடிவைக்க மனம் வரவில்லை. அதே வாய்க்காலில் ஒன்றரை கிலோமீட்டருக்குள் மூன்று டிராப் இருக்கிறது. பத்ரியில் செய்ததுபோல மூன்றையும் சேர்த்தால் 5 மீட்டருக்கு மேல் வரும். பக்கத்தில் வாய்க்கால் வெட்ட யாருடைய நிலத்தையும் கேட்க எனக்கு விருப்பமில்லை, கரைக்குள்ளேயே குழாய் புதைக்க முடியுமா என்று பார்க்க வேண்டும். சல்லடைத் தொல்லை குறைவான திருகு டர்பைன் ஐரோப்பாவில் 1990-களிலிருந்து ஓடுகிறது. தண்ணீர் இறைக்கும் ஆர்க்கிமிடிஸ் திருகைத் தலைகீழாக ஓட்டுவதுதான் அது. இலைதழையை விழுங்கித் துப்பிவிடும், மீனுக்கும் அவ்வளவாக அடிபடாது. அதை நம் ஊர்ப் பட்டறையிலேயே செய்யலாம். கோயம்புத்தூரில் மோட்டாரும் பம்ப்பும் செய்கிற கைகளுக்கு இது பெரிய வேலை இல்லை.

இதற்கெல்லாம் முன்னால் தெரிய வேண்டியது ஒன்று. அந்த வாய்க்காலில் உண்மையில் எத்தனை நாள், எவ்வளவு தண்ணீர் ஓடுகிறது? 120 நாள் என்பது அணையில் போடுகிற கணக்கு. கடைசியில் இருக்கும் பகிர்மான வாய்க்காலுக்கு அது வேறு கணக்கு. நான் அளந்தது ஒரே ஒரு நாள்.

அளவுகோல் ஒன்றைச் சுவரில் பதிக்கலாமா என்று லஸ்கரிடம் கேட்டேன். இப்போது இருப்பவர் என்னைவிடச் சின்னவர்.

"வாய்க்காலுக்குள்ள ஆணிகூட அடிக்கக் கூடாதுங்க அக்கா. ஆபீஸ்ல கேட்டு எழுதி வாங்கோணும். அதுக்கு எதுக்குங்க, மேல சொவத்துல பழைய கோடு இருக்குது பாருங்க."

பாசியைச் சுரண்டினோம். வெள்ளைப் பெயின்டில் எண்கள் தெரிந்தன. என் சித்தப்பா பேத்தி ஒன்பதாவது படிக்கிறாள், தினம் காலையில் அந்த வழியாகத்தான் பால் சொசைட்டிக்குப் போகிறாள். பழைய டைரி ஒன்றைக் கொடுத்து, தேதி, நேரம், கோடு, இந்த மூன்றை மட்டும் எழுது என்றேன். நேற்று முதல் பக்கத்தைப் படம் எடுத்து அனுப்பியிருந்தாள்.

ஆகஸ்ட் 21, காலை 6.10, 58.

ஆகஸ்ட் 22, காலை 6.15, 60.

ஆகஸ்ட் 23, காலை 6.10, 60. தென்னை மட்டை ஒன்று சிக்கியிருந்தது, எடுத்துப் போட்டேன்.

ஆகஸ்ட் 24, காலை 6.20, 41. ஏன் என்று தெரியவில்லை. மேலே கேட்டுச் சொல்கிறேன்.